நாளத்தை இறுக்கிய பயம்

"சிஸ்டர், வவுத்துக்குள்ள என்னமோ குதிச்சிக்கினே இருக்குதுங்க."

ராஜமாணிக்கம் இப்படிச் சொன்னபோது நான் எதிர்ப் படுக்கைக்காரருக்கு டிரிப் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தேன். பிற்பகல் ஷிப்ட். திரும்பிப் பார்த்தேன். போர்வைக்கு மேலேயே தெரிந்தது. விலாவுக்குக் கீழே வயிறு வெட்டி வெட்டி எழுந்தது. கடிகார முள் நகர்வதுபோல அவ்வளவு ஒழுங்காக.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ராஜமாணிக்கம் மைன்ஸில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்தவர். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமம். முந்தின நாள் ஷிப்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். அதோடு ஹார்ட் பிளாக்கும் சேர்ந்துகொண்டது. அதாவது, துடிக்கச் சொல்லும் செய்தி இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. நாடி நாற்பதுக்கும் கீழே இறங்கியது. நடுநடுவே சில நொடிகள் துடிப்பே நின்று, கண் மேலே செருகி, கை கால் இழுத்து, பிறகு திரும்பிவருவார். ஒவ்வொரு முறையும் திரும்பிவருவாரா என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

டாக்டர் கௌசல்யா அவருடைய வலது கையில் முழங்கை மடிப்புக்கு மேலே இரத்த நாளத்தைத் திறந்து, அதன் வழியாக ஒரு மெல்லிய வயரை அக்குள், தோள், நெஞ்சு என்று தள்ளிக்கொண்டுபோய் இதயத்தின் கீழ் அறையில் நிறுத்தினார். வெளி முனையைப் படுக்கையோரம் இருந்த பேஸ்மேக்கர் பாக்ஸில் மாட்டினார். பாக்ஸ் கரண்டைத் தட்டும், இதயம் துடிக்கும். எங்களுக்கு அது புதுச் சாமான். அதன் அருகே போகவே கால் தயங்கும்.

வயிற்றில் துடித்தது எது?

கதவுக் கண்ணாடி வழியாக அவருடைய மனைவி அஞ்சலை பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு துள்ளுவதைக் கண்டதும் முகம் மலர்ந்து, கதவைக் கொஞ்சமாய்த் திறந்து கேட்டார்: "நல்லாத் துடிக்குதுங்களா சிஸ்டர்? இங்கேர்ந்தே தெரியுதுங்களே!"

நான் ராஜமாணிக்கத்தின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். வயிறு துள்ளியது. நாடி வரவில்லை. மறுபடி துள்ளியது. நாடி இல்லை. அதற்கடுத்த துள்ளலும் போன பிறகு விரலுக்கடியில் சோம்பலாக ஒன்று வந்தது. மானிட்டரைப் பார்த்தேன். பாக்ஸ் தட்டும் கோடுகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால் வரவேண்டிய இதயத் துடிப்பு இல்லை. அது தன்போக்கில் எப்போதாவது வந்துபோனது.

ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தேன்.

டாக்டர் கௌசல்யாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அதிர்ந்து பேசமாட்டார். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார். என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"வயர் பின்னால வந்திருச்சு. கையை மடக்கி எழுந்திரிக்கப் பாத்திருப்பார்போல. இப்ப அது ஹார்ட்டுக்கு மேல, பெரிய வெயின்ல நிக்குது. அந்த வெயினோட சுவரை ஒட்டியே ஃப்ரெனிக் நரம்பு இறங்குது. கரண்ட் ஹார்ட்டுக்குப் போகாம அந்த நரம்புக்குப் போகுது. அது மூச்சுக்கான தசையை, உதரவிதானத்தை உதைக்குது. அதான் வயிறு குதிக்குது."

"அப்ப ஹார்ட்டு?"

"அதைத் துடிக்கவைக்க இப்ப யாரும் இல்ல. தானா எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான்."

பாக்ஸை அணைக்கச் சொன்னார். அணைத்தேன். வயிறு சட்டென்று அசைவற்றுப் போனது. அதே நொடியில் கதவுக்கு வெளியே அஞ்சலை அலறினார்: "ஐயோ, நின்னுபோச்சே! அணைச்சிட்டாங்களே!"

போய் அவரைத் தாங்கிப் பிடித்து, "உயிர் இருக்கும்மா, அது வேற துடிப்பு" என்றேன். அவருக்கு எப்படிப் புரியும்? கொஞ்ச நேரத்துக்கு முன் வரை எனக்கே புரியவில்லையே.

நகராத வயர்

பாண்டிச்சேரிக்கு அனுப்பலாமா என்ற பேச்சு வந்தது. அந்த நிலையில் வண்டியில் ஏற்றினால் பக்கத்து வடலூரைத் தாண்டுவாரா என்பதே சந்தேகம். வயரை இங்கேயே திரும்ப உள்ளே தள்ளுவதென்று டாக்டர் முடிவு செய்தார்.

கை கழுவி, கிளவுஸ் மாட்டி, கட்டைப் பிரித்துக் காயத்தைச் சுத்தம் செய்தார். அப்போதே ராஜமாணிக்கத்துக்கு ஒரு முறை துடிப்பு நின்றது. மானிட்டரில் நேர்கோடு. டாக்டர் முஷ்டியால் நெஞ்சில் ஒரு குத்து விட்டார். கோடு எழுந்தது. கண்ணைத் திறந்தவர் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்தவர்போல மூச்சை இழுத்தார். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நா போயிட்டு வந்தேனுங்க. இருட்டா இருந்துது. மறுபடி வுட்றாதீங்க சிஸ்டர்."

டாக்டர் வயரைத் தள்ளினார். நகரவில்லை. இழுத்துப் பார்த்தார். அதுவும் இல்லை. அக்குளுக்கருகே நாளம் வயரைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது.

நம் ஊரில் இரத்தக் குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். ஊசி போடும்போது 'நரம்பு கிடைக்கல' என்போம். இரண்டும் வேறு என்று படித்திருந்தேன். ஆனால் அந்தக் குழாயின் சுவருக்குள்ளேயே மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன, மனிதன் பயந்தால் அவை குழாயைச் சுருக்குகின்றன என்பதெல்லாம் பரீட்சைக்குப் படித்து மறந்த வரிகள். அன்று அது கண்ணெதிரே நடந்தது.

"ஸ்பாசம்," என்றார் டாக்டர். "பயத்துல வெயின் இறுகிடுச்சு. பலமா தள்ளினா கிழிஞ்சிரும். சுடுதண்ணித் துணி வையுங்க. இவர் பயம் கொஞ்சம் இறங்கணும்."

மயக்க மருந்து கொடுக்க டாக்டருக்குத் துணிவில்லை. இருக்கிற துடிப்பும் போய்விடலாம். தோளிலும் அக்குளிலும் சூடான துணி வைத்தேன். "பயப்படாதீங்க" என்று சொன்னேன். சொன்ன என் குரலே நடுங்கியது. அவர் என் முகத்தைப் பார்த்து இன்னும் விறைத்தார். வயர் அசையவில்லை. மானிட்டரில் துடிப்புகளின் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

"அந்தம்மாவக் கூப்பிடுங்க," என்றார் டாக்டர்.

கதவுக்கு வெளியே சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார் அஞ்சலை. "நீங்க அழுதா அவருக்கு ஆகாது. சாதாரணமாப் பேசணும். முடியுமா?" என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். கணவரின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"த பாரு, மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சச் சொல்லிட்டு வந்தியே, ஒந்தம்பி பாய்ச்சிட்டானாம்."

அவர் கண்ணைத் திறந்தார். "கெணத்து மேட்டுப் பாத்திக்கா?"

"அதுக்குந்தான்."

"அங்க வாய்க்கா ஒடைஞ்சிக்கினு இருந்துதே."

"மண்ணு போட்டு அடைச்சிட்டானாம். நீ இல்லன்னா வாய்க்காகூட அடைக்கத் தெரியாதா எங்களுக்கு?"

"அவன் அடைச்சா நிக்காது. மம்முட்டியே புடிக்கத் தெரியாது அவனுக்கு."

"வூட்டுக்கு வந்து நீயே பாரு. நிக்குதா, நிக்கலையான்னு."

மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் நிலக்கடலை பூ எடுத்திருப்பது, கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று அஞ்சலை தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. கணவரின் தோள் மெதுவாகத் தலையணையில் இறங்கியது. மூச்சு நீண்டது. டாக்டரின் விரல்கள் வயரை விடாமல் தொட்டுக்கொண்டே காத்திருந்தன. பிறகு அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வயர் நகர்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். இதயச் சுவரில் முட்டியபோது மானிட்டரில் தாறுமாறாகத் துடிப்புகள் ஓடின. "பாக்ஸ் போடுங்க," என்றார் டாக்டர். போட்டேன்.

வயிறு துள்ளவில்லை. மணிக்கட்டில் விரல் வைத்தேன். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாடி.

"வருது டாக்டர்," என்றேன். அவர் அங்கேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு

சில நாளில் ஹார்ட் பிளாக் தானாகவே விலகியது. வயரை எடுத்தோம். ராஜமாணிக்கம் நடந்தே வீட்டுக்குப் போனார். மைன்ஸில் லேசான வேலை கொடுத்தார்கள்.

செக்கப்புக்கு வந்த ஒரு நாள் அஞ்சலையிடம் கேட்டேன்: "அன்னைக்கு எப்படிம்மா அவ்ளோ தைரியமாப் பேசினீங்க?"

"தைரியமா? மூஞ்சப் பாத்தா அழுதுடுவேன்னு அவரு கையவே பாத்துக்கினு பேசினேனுங்க. தம்பிகாரன் தண்ணியும் பாய்ச்சல, ஒண்ணும் பாய்ச்சல. வாய்க்கு வந்தத சொன்னேன்," என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். மானிட்டர் என்ன காட்டினாலும் நாடியைத் தொட்டுப் பாருங்கள். தொடும்போது உங்கள் பயம் அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பயப்படாமல் இருக்க யாராலும் முடியாது. நானும் பணியில் இருந்த கடைசி நாள் வரை பயந்தேன். ஆனால் நோயாளியின் பயம் மனதோடு நிற்பதில்லை; அது நாளத்தின் சுவர்வரை போய் இறுக்குகிறது.