வீட்டுக்கு மிச்சம் வச்சாங்களா?

உக்ரைனிலிருந்து திரும்பிய பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். எங்காவது வெடி போட்டால் எழுந்து சுவரோரம் போய் ஒண்டிக்கொள்வேன். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். "கொஞ்ச நேரம் படும்மா" என்பார் அப்பா. படுத்தாலும் மனசு கார்கிவில்தான் அலையும்.

அங்கே நான்கு வருடம் மருத்துவம் படித்தேன். தங்கியிருந்தது டிராம் ஓட்டும் ஓர் அம்மாவின் வீட்டில். அறுபதை நெருங்கியவர், தனியாள். நான் தமிழிலேயே 'அத்தை' என்று கூப்பிடுவேன். அவரும் அதற்குப் பழகிவிட்டார்.

அவர்கள் மண் எங்கள் வயலைவிடக் கறுப்பு. ரயிலில் போனால் மணிக்கணக்கில் கோதுமை வயல். அந்த மண்ணில் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள் என்று அத்தை சொன்னபோது நான் நம்பவில்லை. 1932-ல், அவருடைய அம்மா சிறுமியாக இருந்தபோது, சோவியத் அரசாங்கத்து ஆட்கள் வந்து வீட்டுத் தரையை இரும்புக் கம்பியால் குத்தித் தேடினார்களாம். விதைக்கு வைத்திருந்ததைக்கூட வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் அம்மாவின் தம்பிகள் இரண்டு பேரும் இறந்துபோனார்கள். சாப்பிட்ட மேஜையில் ஒரு ரொட்டித் துணுக்கு கிடந்தாலும் அத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

போர் தொடங்கி ஆறாம் நாள் என்னை ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போனதும் அவர்தான். கூட்டத்தை முட்டித் தள்ளி என்னைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டார்.

"நீங்களும் வாங்க அத்தை!"

"எல்லாரும் போயிட்டா டிராமை யார் ஓட்டுறது?" என்றார். கதவு மூடிவிட்டது.

ஊருக்கு வந்தபின் ஒன்பது நாள் அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அப்போது அப்பாவின் சம்பா நெல் அரசுக் கொள்முதல் நிலையத்தில் குவிந்து கிடந்தது. ஈரப்பதம் அதிகம் என்று எடுக்காமல் வைத்திருந்தார்கள். அப்பா அங்கேயே காவல் கிடந்தார். பத்தாம் நாள் ஒருவழியாக எடை போட ஆரம்பித்தார்கள். நான் சோறு கொண்டுபோனபோது போன் அடித்தது. வீடியோவில் அத்தை. முகம் பாதியாகியிருந்தது. சுரங்க ரயில் நிலையத்தில் தங்கியிருப்பதாகச் சொன்னார்.

கண்ணீரை மறைக்க போனைத் திருப்பி நெல்லைக் காட்டினேன். ஆட்கள் மூட்டைகளைத் தூக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையின் குரல் மாறிவிட்டது. "யார் அவங்க? எங்க கொண்டுபோறாங்க?"

"அரசாங்கம் அத்தை. விலைக்கு வாங்குறாங்க."

"வீட்டுக்கு மிச்சம் வச்சாங்களா?"

"இருக்கு அத்தை" என்றேன். அவர் நம்பவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

"என்னம்மா கேக்குறாங்க?" என்று அப்பா பக்கத்தில் வந்தார். அந்தக் கம்பிக் கதையைச் சொன்னேன். அப்பா குவியலைப் பக்கத்துக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். "ஏறு. போனை வச்சிராதே."

வீட்டில் உள்ளறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். சாப்பாட்டுக்கு அடுக்கியிருந்த மூட்டைகள், தனியே விதைநெல். ஒரு மூட்டையை அவிழ்த்து, நெல்லைக் கையில் அள்ளி போனுக்கு முன்னால் நீட்டினார். "பாருங்கம்மா, யாரும் தொடல. எங்களுக்கு வேணுங்கிறது இருக்கு" என்றார் தமிழிலேயே. அத்தை ஓவென்று அழுதார். அப்பா நெல்லைக் கீழே போடவும் தெரியாமல் அப்படியே நின்றார்.

அன்று ராத்திரி, ஊர் திரும்பிய பிறகு முதல்முறையாக ஒரு தட்டுச் சோற்றை முழுதாகச் சாப்பிட்டேன். அலைச்சல் மட்டும் தீரவில்லை. இன்னொரு நாட்டுக்குப் போய்ப் படிப்பை முடித்து, இப்போது கும்பகோணத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அத்தை கார்கிவை விட்டு நகரவில்லை. டிராம் ஓடும் நாட்களில் ஓட்டுகிறார். நேற்றிலிருந்து கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்கிறது. வெளியே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போகவேண்டும்.