ஊறல் குளி

அவளை எல்லோரும் வால் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் அடங்காத பிள்ளையாக இருந்ததால் வந்த பெயர் என்று நினைத்தால் தப்பு. அந்த வயதில் அவள் இருக்கிற இடம் தெரியாத பெண். வால் என்பது கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்த உத்தியோகம். ஆற்றோரமாக, இடிந்த கோட்டையையும் பழைய பாலங்களையும் பார்த்தபடி நடக்க வருகிறவர்களை அவள் கணவன் முன்னால் நின்று அழைத்துப் போவான். கடைசி ஆளுக்கும் பின்னால் அவள் வருவாள். யாரும் வழி தவறாமலும், யாரும் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போகாமலும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

முன்னால் போகிறவனுக்கு ஆறும் மலையும் கண்ணில் படும். பின்னால் வருகிறவளுக்கு முதுகுகள்தான். வியர்வையில் நனைந்த முதுகு, சொறிந்துகொள்கிற முதுகு, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் காற்று விடுகிற முதுகு. அந்த முதுகுகள் விட்டுப்போவதை எல்லாம் இடுக்கியால் எடுத்துச் சாக்கில் போட வேண்டும். மூக்குச் சிந்திய காகிதம், பாதி கடித்த முட்டை, ஒருமுறை யாரோ கழற்றி எறிந்த பல்செட். இயற்கையைப் பார்க்க வந்தோம் என்று வாய் கிழியச் சொல்கிறவர்கள் இயற்கையிடம் கொடுத்துவிட்டுப் போகிற சீதனம் இது.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. கூடம் முழுக்க வாடகைக்கு விடும் பூட்ஸ். ஒவ்வொன்றாகக் கையை விட்டுத் துடைத்து, ஊர்பேர் தெரியாதவர்களின் கால் ஈரத்தை வெயிலில் காயவைத்து எடுப்பாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரலில் அந்த வாடை போகாது. சாப்பிடும்போது கரண்டி இல்லாமல் சாப்பிட மாட்டாள். "பெரிய இடத்துப் பொண்ணுல்ல" என்று கணவன் கிண்டல் செய்வான்.

அவன் பேச்சில் மயங்கித்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். அப்போது அவன் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து வண்டி நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே இருந்த சலவைக் கடையில் அவளுக்கு இஸ்திரி போடும் வேலை. வண்டி தாமதம் என்பதைக்கூட அவன் நல்ல சேதி மாதிரி சொல்வான். அந்தக் குரல் வீட்டுக்குள் வந்த பிறகுதான், அது எதையும் நல்ல சேதியாக்கிவிடும் என்பது எவ்வளவு ஆபத்து என்று அவளுக்குப் புரிந்தது. பிள்ளை இல்லை என்று டாக்டர் முடிவாகச் சொன்ன அன்றைக்கும் அவன், "சரி விடு, நமக்கு நாமதான்" என்று சிரித்தான். அவள் அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

நடை வழியில் பாதி தூரத்தில் ஆற்றங்கரைச் சரிவில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. நாலு பேர் இறங்கி நிற்கலாம். ஒரு காலத்தில் அங்கே தோல் பதனிட்டார்கள். உரித்த தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்ட குழி அது. கணவனின் அப்பாவே இளவயதில் அதற்குள் முழங்கால் அளவு நின்று தோலைப் புரட்டியவர். அந்த உழைப்பில்தான் மகனை வளர்த்தார். வழி திறந்தபோது யாரோ பலகை எழுத வந்தார்கள். எழுதியவனுக்கு ழகரமும் ளகரமும் ஒன்றுதான் போலிருக்கிறது. 'தோல் ஊறல் குழி' என்று எழுத வேண்டியவன் 'குளி' என்று எழுதிவிட்டுப் போய்விட்டான். அடுத்த மழைக்குத் 'தோல்' உரிந்து விழுந்தது. மிச்சம் நின்றது 'ஊறல் குளி.'

அவ்வளவு போதாதா கணவனுக்கு? கோட்டை ராணி பூ மிதக்கவிட்டு ஊறிக் குளித்த தொட்டி என்று அளந்துவிட ஆரம்பித்தான். அப்பா தோல் வேலை செய்தவர் என்று சொல்ல அவனுக்கு நாக்கு கூசியது. ராணியைக் கூட்டிவந்து குளிப்பாட்டக் கூசவில்லை. விருந்தாளிகள் வீட்டுக்கு வரும்போது அப்பாவைப் பின்கட்டு அறையில் உட்காரச் சொல்வான். தோல் வேலையில் அவளுக்கு ஒரு அருவருப்பும் இல்லை. பெற்ற தகப்பனை ஒளித்துவைக்கிற மகனைப் பார்க்கத்தான் குமட்டியது.

இன்னொன்றும் இருந்தது. அந்த இடத்தில் மறைவு என்று சொல்ல தொட்டிக்கு நேர் மேலே நிற்கும் இடிந்த சுவர் ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லோரும் அதற்குப் பின்னால்தான் ஒதுங்குவார்கள். கடைசி ஆள் திரும்பி வரும்வரை அவள் காத்து நிற்க வேண்டும். ஆகவே அவளுக்குத் தெரியாமல் யாரும் ஒதுங்கியதில்லை. கீழே இறங்கி வந்து அதே ஆட்கள் ராணி தொட்டி என்று முகம் கழுவுவார்கள். கணவனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அது மேல இருக்கு, இது கீழ இருக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

இப்படிக் கேட்கிறவனிடம் என்னத்தைப் பேசுவது?

அன்றைய கூட்டத்தில் ஒரு டெய்லர்காரப் பெண் வந்திருந்தாள். கூடவே மஞ்சள் தொப்பி போட்ட அவள் புருஷன். ஒரு மாதம் முன்பு தோழியோடு வந்தவள், இப்போது மாற்றுத்துணியோடு வந்திருந்தாள். ஏற்றத்தில் மூச்சு வாங்கிப் பின்தங்கி, கடைசியில் வாலோடு சேர்ந்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் வாலின் கையைப் பிடித்துக்கொண்டாள். சில பெண்கள் இப்படிச் செய்வதுண்டு. சிலர் அவள் வயிற்றைக்கூட ஒரு பார்வை பார்ப்பார்கள். மரியாதை போலிருக்கிறது என்று அவள் விட்டுவிடுவாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"நீங்க எத்தனை தடவை இறங்கினீங்க?"

"எதுல?"

"ராணி தொட்டியிலதான். உங்க வீட்டுக்காரர் போன தடவை எல்லாம் சொன்னாரு. டாக்டர் கைவிட்ட அப்புறம் நீங்க அதுல குளிச்சுத்தான் ரெட்டைப் பிள்ளை பெத்தீங்களாமே. பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணுன்னு."

வால் நின்றுவிட்டாள். அவன் பேசுகிற இடத்துக்கு அவள் என்றைக்குமே பேச்சு முடிந்த பிறகுதான் வந்து சேர்வாள். கடைசி ஆளோடு அவள் வரும்போது எல்லோரும் முகம் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண்கள் கையைப் பிடித்தது ஏன் என்று இப்போது விளங்கியது. வீட்டுக்குள் வாயே திறக்காத விஷயத்தை அவன் ஆற்றங்கரையில் வைத்துக் கூவி விற்றிருக்கிறான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ தன்னைத் தொட்டுத் தடவிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

சாக்கையும் இடுக்கியையும் அங்கேயே போட்டாள். முதுகுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள். தொட்டி விளிம்பில் ஏறி நின்று அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"எங்களுக்குப் பிள்ளை கிடையாது," என்றாள், எல்லோரையும் பார்த்து. "பொறந்ததே இல்லை. இது ராணி குளிச்ச இடமும் இல்லை, தோல் ஊறவெச்ச குழி. இவரோட அப்பா இதுல நின்னு வேலை செஞ்சிருக்கார். அவரை வேணும்னா கேளுங்க, வீட்டுலதான் இருக்கார்."

கணவன் முகம் ஒரு நொடி செத்துப்போனது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கினான். பேருந்து நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்வானே, அந்தக் குரல் வந்தது.

"மன்னிச்சிடுங்க. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ரெண்டு பிள்ளைங்களும் போன வருஷம் இதே ஆத்துல போயிட்டாங்க. அதுலேர்ந்து இவ இப்படித்தான். பொறக்கவே இல்லைன்னு சொல்லுவா."

இல்லாத பிள்ளைகளைப் பெற்றவன், கதையைக் காப்பாற்ற அவர்களைக் கொன்றும்விட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் தோளைத் தட்டினார். ஒரு அம்மாள் அவள் தலையைப் பிடித்துத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, "அழுதுடும்மா, அழுதுடு" என்றாள். அந்த மார்பில் வியர்வையும் சென்ட்டும் கலந்து நாறியது. இல்லை, இல்லை என்று அவள் சொல்லச் சொல்ல அவர்கள் பரிதாபம் கூடிக்கொண்டே போனது. நல்லவர்கள்தான். அவர்கள் நல்லவர்களாக இருந்ததுதான் இன்னும் தாங்க முடியவில்லை.

டெய்லர்காரப் பெண் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டாள். நடந்ததை யாரோ காதோடு சொன்னார்கள். அவள் கண் கலங்கியது. ஆனால் பூட்ஸைக் கழற்றினாள்.

"வேணாம்மா. சொன்னாக் கேளு."

"பொறந்துச்சு இல்லக்கா? எனக்கு அது போதும்," என்று சொல்லி ஒரு காலைத் தொட்டிக்குள் விட்டாள். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளிக் கண்ணை மூடிக் குடித்தாள்.

வால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். வெறுங்காலோடு சரிவில் ஏற்றிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அங்கே ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஈரக் காகிதங்கள், பழையதும் புதியதும், கல் இடுக்குகளில் ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே மஞ்சள் தொப்பி திரும்பி நின்றது.

"இரும்மா, முடிஞ்சுது, வந்துட்டேன்" என்றது தொப்பி.

அவன் விட்டது சுவரின் அடியில் தேங்கி, ஒரு வெடிப்பு வழியாக நுழைந்து மறுபுறம் இறங்கியது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். கோடு கோடாகப் பாசி படிந்த கல்லில் இறங்கி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று கடைசிவரை பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வால் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். விரலில் எச்சில் வழிந்தது. துடைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவில்லை.

வாந்திச் சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும். கணவனின் குரல் மேலே ஏறி வந்தது.

"கேட்டீங்களா? கால் நனைச்சதுக்கே மசக்கை கண்டுடுச்சு. ராணியம்மா கைவிடல."

ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தப் பெண் புறங்கையால் வாயைத் துடைத்தாள். ஜிப்பைப் பிடித்தபடி ஏதோ சொல்லப்போவது போல நின்ற புருஷனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, நெஜமாவே உங்களுக்குப் பிள்ளை இல்லையா?"

"இல்லம்மா."

"ஆத்துல போயிடுச்சுன்னு சொன்னாரே."

"பொறந்தாத்தானே சாகறதுக்கு," என்றாள் வால்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்தக் காகிதங்களுக்கும் ஈக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன அன்று அழாததையும் சேர்த்து அழுதாள். டெய்லர்காரப் பெண் பக்கத்தில் குந்தி, அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கீழே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.