வேப்பமரத்தில் கட்டிய துணி

போன திங்கட்கிழமை காலை எங்கள் பம்ப் கம்பெனி கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஆர்டர் இல்லீங்களாமா. சொல்லியுடற வரைக்கும் வர வேண்டாம்னு முதலாளி சொன்னாருங்க."

டிபன் கேரியரோடு நானும் காதர் பாயும் நின்றோம். அவரும் என்னைப் போல லேத் ஓட்டுபவர். பல வருஷக் கூட்டாளி. பாய் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு வேணும்னு துஆ கேட்டது நாந்தானுங்க மாப்ள. கொஞ்சம் தெளிவாக் கேட்டிருக்கோணும்."

அது என்ன லீவு ஆசை என்கிறீர்களா, கண்ணுகளா?

நம் சிங்காநல்லூர் குளத்துக்குத் தண்ணீர் தருகிறதே நொய்யல் ஆறு... அது மேற்கே மலையடிவாரத்தில் தொடங்கும் இடத்திலிருந்து காவிரியில் கலக்கும் இடம்வரை கரையோடு நடந்தே போக வேண்டும் — இதுதான் எங்கள் ஆசை. வழியெல்லாம் அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். சாயத் தண்ணீர், நுரை, நாற்றம். ஆனாலும் நம்மூர் ஆறு.

லீவுக்கு எங்கே போவது? ஒருவர் லீவு எடுத்தால் இன்னொருவர் மிஷினில் நின்றாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை? எனக்குச் சொந்தத்தில் காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம்... நாம் போகாவிட்டால் நம் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள்? பாய்க்கோ, மச்சான் கடையில் அன்றுதான் கூட்டம்; கூட நின்றாக வேண்டும்.

அதனால் ஷிப்ட் போட்டு நடந்தோம். எனக்கு லீவு கிடைத்தால் நான் நடப்பேன். பொழுது சாயும்போது எங்கே நிற்கிறேனோ, அங்கே ஒரு மரத்தில் மிஷின் துடைக்கிற வேஸ்ட் துணியைக் கட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். பாய் தன் லீவில் அங்கே போய், துணியை அவிழ்த்துக்கொண்டு மேற்கொண்டு நடப்பார். அவர் கட்டுவதை நான் அவிழ்ப்பேன்.

இப்படியே சூலூர் தாண்டி, திருப்பூர் தாண்டி, சென்னிமலைக்குத் தெற்கே ஒரு வேப்பமரம்வரை வந்துவிட்டோம். அந்தத் துணி பாய் கட்டியது. மிச்ச தூரத்தை மட்டும் எப்படியாவது முதலாளியிடம் கெஞ்சி, இரண்டு பேரும் சேர்ந்து நடப்பது, காவிரியில் சேர்ந்து கால் நனைப்பது என்று பேச்சு.

கம்பெனி மூடிய செய்தி கேட்டதும் என் மனைவி அரிசி டின்னைத் திறந்து அளவு பார்த்தாள். ஆறாவது படிக்கிற என் மகள் மட்டும், "ஏனுங்கப்பா, இப்பத்தான் ரெண்டு பேருக்கும் லீவாச்சே. போயிட்டு வாங்களே" என்றாள்.

சரியான பேச்சுதானே?

புதன்கிழமை காலை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு நின்றோம். பாயின் போன் அடித்தது. சூலூரில் ஒரு பட்டறை. லேத்துக்கு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள். உடனே.

"நீங்க போங்க மாப்ள. ஊட்ல படிக்கற புள்ள இருக்குது."

"கூப்பிட்டது உங்களைத்தானுங்க பாய். உங்க ஊட்லயுந்தான் மருந்து மாத்திரை ஓடிட்டிருக்குது. போங்க."

"அப்ப காவேரி?"

"அது எங்கீங்க போயிருது..."

சூலூர் பஸ்ஸில் ஏறியவர், ஜன்னல் வழியே தன் பொட்டலத்தையும் என்னிடம் நீட்டினார். "நடக்கற ஆளுக்குத்தான் பசிக்கும். என்ற பங்கையும் நீங்களே நடந்துபோடுங்க."

அடுத்து, அந்த வேப்பமரத்துப் பக்கம் போகும் காங்கேயம் பஸ் வந்தது. நின்றது. போனது. நான் ஏறவில்லை.

சாயந்திரம் மகள் கேட்டாள்: "துணிய அவுத்தீங்களாப்பா?" இரண்டு பொட்டலத்தில் ஒன்றை அவளிடம் கொடுத்தேன்.

எங்கள் ஷிப்ட் வழக்கப்படி, பாய் மிஷினில் நின்றால் நடை என் முறை. பகல் முழுக்க என்னுடையதுதான். நடக்கவும் செய்கிறேன் — பட்டறை பட்டறையாக, ஆள் வேண்டுமா என்று கேட்டபடி. துணி அந்த வேப்பமரத்திலேயே இருக்கிறது.

வேலை இருந்தால்தான், கண்ணுகளா, அதற்குப் பெயர் லீவு.