பிலோமினா ரீச்சரும் கோட்டைக் கிணறும்

பிலோமினா ரீச்சர் இறந்த செய்தி எனக்கு மன்னார் மீன் சந்தையில் கிடைத்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும், "மிஸ், எங்கட ஹிஸ்டரி ரீச்சர் விடிய மோசம் போயிட்டா" என்றார். நான் மீன் வாங்காமல் திரும்பினேன்.

இறந்தபின் எல்லோரும் சாதுக்களாகிவிடுகிறார்கள். ரீச்சர் சாது இல்லை என்பது, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரோடு படிப்பித்த உங்களுக்குத் தெரியும். நான் புவியியல், அவர் வரலாறு. "உங்கட பாடத்துக்கு மழை பெய்தாலே காணும் மிஸ். என்ட பாடத்துக்கு ஆளுகள் சாகோணும்" என்று ஆசிரியர் அறையில் சீண்டுவார்.

அவர் தேடித் தேடிப் படித்தது மன்னார்க் கோட்டையை. தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் கடற்கால்வாயையும் துறையையும் காக்கப் போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, ஆங்கிலேயர் கைக்கு மாறிய கோட்டை. போர்க்காலத்தில் அது படைமுகாம். பேருந்திலிருந்து அதைத் திரும்பிப் பார்க்கவும் நாங்கள் பயந்தோம். அதன் அருகிலுள்ள பாலத்தை மூடினால் தீவை விட்டு எவரும் வெளியேற முடியாது. "கடலால வாறவனுக்குக் கட்டினதெண்டு புத்தகத்தில கிடக்கு. பீரங்கியை ஊருக்கும் திருப்பலாம்" என்பார். ஆதாரம் கேட்டால், "உள்ள போக விடச் சொல்லுங்கோ, தாறன்" என்று வாயை அடைப்பார்.

எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. முந்திய பாடவேளை ஆசிரியர் கரும்பலகையில் கீறிய படத்தை அவரைக் கேட்காமல் அடுத்தவர் அழிப்பதில்லை. ஒருநாள் ரீச்சர் கோட்டைப் படத்தைக் கீறிவிட்டுப் போயிருந்தார். நான்கு கொத்தளங்கள், அகழி, சிற்றாலயம், கிணறு. நான் ஓரத்தில் மழைவீழ்ச்சி வரைபு போட்டுக்கொண்டிருந்தபோது படையினர் சோதனைக்கு வந்தார்கள். வெண்கட்டியோடு நான், என் பின்னால் பலகையில் அவர்களுடைய முகாம்.

நான் வாய் திறக்குமுன் வாசலில் ரீச்சரின் குரல் கேட்டது. "கீறினது நான். அவ மழை கீறுறவ."

இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோட்டைக்குள் எங்களை ஒரு மதிலோரம் இருத்தினார்கள். அதிகாரி வரும்வரை வெயில் ஏறிக்கொண்டே போனது. நான் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன். ரீச்சரோ மதிலின் கற்களைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். ஒரு சிப்பாய் எங்களுக்கு எதிரேயிருந்த கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து தந்தார். "ஐயோ மிஸ், நான் கிணத்தை மற்றப் பக்கமெல்லோ கீறிப்போட்டன்" என்று ரீச்சர் முணுமுணுத்தார். நான் அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தேன்.

அதிகாரி வந்தார். படத்தை ஒரு தாளில் பிரதி எடுத்து வைத்திருந்தார். "டீச்சர், கிணறு அங்க இல்லை."

"ஓம், இப்பதான் கண்டனான்."

அவர் சிரித்துவிட்டார். "உள்ளுக்கு வந்த ஆள் இப்படிக் கீற மாட்டாது. வீட்டுக்குப் போங்க." பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னார்: "நாளைக்குப் படம் சரியா வந்தா, யார் சொன்னது என்டு கேப்பம்."

வீதிக்கு வந்ததும் ரீச்சர், "பிழை விட்டதுக்குப் பரிசு இண்டைக்குத்தான் கிடைச்சது" என்றார். அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் கிணற்றை அதே பிழையான இடத்திலேயே கீறினார். கீறி முடித்தபின் வெண்கட்டியை மேசையில் எறிவார். வைப்பதில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் தவணைப் பரீட்சையில் ஒரு மாணவி கிணற்றைச் சரியான இடத்தில் கீறியிருந்தாள். ரீச்சர் விடைத்தாளை என்னிடம் நீட்டினார். இருவருக்கும் விளங்கியது. அவளுடைய அண்ணனைப் படையினர் சுற்றிவளைப்பில் பிடித்துப் போயிருந்தார்கள்.

அவளைக் கூப்பிட்டார். "ஆர் பிள்ளை சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல ரீச்சர். அம்மாவோட அண்ணாவைக் கேட்டுக் கோட்டைக்குப் போனனான். கிணத்தடியில இருத்தினவை."

"அண்ணாவைக் காட்டினவையோ?"

"இல்லை. வேற இடத்துக்கு மாத்திப்போட்டினமாம்."

ரீச்சர் அழிறப்பரை எடுத்துக் கொடுத்தார். "இதை அழிச்சுப்போட்டு நான் கீறின இடத்தில கீறு."

"அது பிழையெல்லோ ரீச்சர்?"

"ஓம். எனக்கும் தெரியும். நீ கீறு."

அவள் கீறினாள். ரீச்சர் முழுப் புள்ளியும் போட்டார். அடுத்த பாடத்துக்கு மணி அடித்த பிறகும் கதிரையை விட்டு எழவில்லை.

போர் முடிந்து கோட்டைக்குள் சனம் போகத் தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமோ ரீச்சர்?" என்று கேட்டேன். "நான் பாத்தனான்" என்று சொல்லி, தேத்தண்ணீர் போட எழுந்து போனார்.

பழைய வரைபடங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவது இன்னும் என் வேலையின் ஒரு பகுதி. பிழை கண்ட இடத்தில், வரைந்தவருக்குத் தெரியாது என்று உடனே எழுதிவிடும் பழக்கம் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே என்னோடு ஒட்டிக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் பேனை நிற்கிறது. தெரிந்தும் கீற முடியாமல் இருந்திருக்குமோ, சரியாகக் கீறினால் யாரைப் பிடித்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். அந்தத் தயக்கத்தைத்தான் ரீச்சரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.