கெல்வினோடு கூட்டிய இருநூற்று எழுபத்து மூன்று

இருபத்தொரு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இதயத்தில் ஐந்து அறை என்று எழுதிய பிள்ளையையும் பொறுத்திருக்கிறேன். ஆனால் கெல்வினோடு 273 ஐக் கூட்டினதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பிள்ளைகளாகக் கூட்டியிருந்தால் பரவாயில்லை, திருத்திவிடலாம். கூட்டச் சொன்னது ஆசிரியர்களாகிய நாங்கள்.

போன வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞானப் போட்டி நடந்தது. விடைத்தாள் திருத்த என்னையும் கூப்பிட்டார்கள். சுன்னாகத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம், ஆறு ஆசிரியர்கள், எங்களுக்கு மேலே ஒரு பிரதம பரீட்சகர். மின்சார நிலையம் இருக்கிற ஊரிலேயே கரண்ட் இல்லை, ஒரு காற்றாடியும் சுற்றவில்லை. ஆளுக்கொரு சிவப்புப் பேனையும் ஒரு புள்ளித் திட்டமும் தந்தார்கள். புள்ளித் திட்டம் என்பது எந்த விடைக்கு எத்தனை புள்ளி என்று வினாத்தாள் தயாரித்தவரே எழுதிக் கொடுக்கிற தாள். அதைத் தாண்டி யோசிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பன்னிரண்டாவது கேள்வி இதுதான்: ஒரு விண்மீனின் உட்பகுதி வெப்பநிலை 2 மெகாகெல்வின். அதை மில்லிக்கெல்வினில் தருக. மெகா என்றால் பத்து இலட்சம். மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே இரண்டைப் போட்டு, பின்னால் ஒன்பது பூச்சியம் போட்டால் கணக்கு முடிந்தது. ஆனால் புள்ளித் திட்டத்தில் முதல் வரியே ‘273 ஐக் கூட்டுக’ என்று இருந்தது. அடியில் 2,000,273,000 என்று விடை. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். 273 ஐக் கூட்டுவது செல்சியஸைக் கெல்வினாக்குவதற்கு. ஏற்கெனவே கெல்வினில் இருப்பதோடு எதற்காகக் கூட்ட வேண்டும்? கண்டறியாத புள்ளித் திட்டம்.

விடைத்தாள்களைப் புரட்டினால், ஒன்றுக்குப் பின் ஒன்றாக அதே 2,000,273,000. வினாத்தாள் தயாரித்தவர்தான் எங்கள் பக்கத்துப் பெரிய ரியூசன் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பாதி வலிகாமமே அவரிடம்தான் படிக்கிறது. வெப்பநிலை என்று கண்டால் வேறு ஒன்றும் பார்க்காதே, முதலில் 273 ஐக் கூட்டு என்பது அவருடைய பாடம். பிள்ளைகளும் சுவாமி கும்பிடும்போது கன்னத்தில் போடுவதைப் போலக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

எனக்குத் தந்த விடைத்தாள் கட்டில் ஒரேயொரு தாளில் மட்டும் சரியான விடை இருந்தது. பெயர் கிடையாது, பரீட்சைச் சுட்டெண் மட்டும். விடைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘கெல்வினுக்கும் மில்லிக்கெல்வினுக்கும் பூச்சியம் ஒரே இடத்தில் இருப்பதால் எதையும் கூட்டத் தேவையில்லை.’ பத்தாம் வகுப்புப் பிள்ளை. எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. மற்றக் கேள்விகளுக்கு அந்தப் பிள்ளை எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்திருந்தது. எண்பது எடுத்தால்தான் அடுத்த சுற்று. இந்தக் கேள்விக்கு நான்கு புள்ளி.

தாளைத் தூக்கிக்கொண்டு பிரதம பரீட்சகரிடம் போனேன்.

“சேர், இந்தப் புள்ளித் திட்டம் பிழை. ரெண்டு கிலோ வெங்காயத்தைக் கிராமிலை சொல்லச் சொன்னால் சாக்கின்ரை நிறையையும் சேர்த்தே சொல்லுவியள்?”

அவர் நிமிரவில்லை. “வெப்பநிலைக் கணக்கெண்டால் 273 வரவேணும் ரீச்சர்.”

“ஏன் வரவேணும்?”

“வழமையா வாறதுதானே. அதோடை, இருபது இலட்சத்துக்கு முன்னாலை 273 ஒரு பெரிய விசயமே?”

“சின்ன விசயமெண்டால் இந்தப் பிள்ளைக்கும் நாலு புள்ளியைப் போடுங்கோவன்.”

“அதெப்பிடி? அப்ப மற்றப் பிள்ளையள் எல்லாம் பிழையோ?”

“ஓம் சேர். எல்லாம் பிழை.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “உப்பிடிக் கதைச்சால் எல்லாத் தாளையும் முதலிலையிருந்து திருத்த வேணும். விளங்குதோ?”

எனக்கு நன்றாக விளங்கியது. கணக்குப் பிழை என்று அந்த மனுசனுக்கும் தெரியும். திரும்பத் திருத்துகிற அலுப்புத்தான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. என் கையிலிருந்த தாளை வாங்கி, அந்த விடைக்குக் குறுக்கே தானே கோடு இழுத்தார்.

புள்ளிப் பட்டியலில் ஆறு பேரும் கையெழுத்து வைத்தால்தான் அதை அனுப்பலாம். ஐந்து பேர் வைத்துவிட்டார்கள். நான் பேனையைத் தொடாமல் இருந்தேன். பக்கத்தில் இருந்த ரீச்சர், நல்ல மனுசிதான், என் காதுக்குள் சொன்னா: “விடுங்கோவன். ஒரு பிள்ளைக்காக எல்லாரும் மறிபட்டு நிக்கேலுமே? எனக்கு இனிப் பஸ் இல்லை.” எல்லோரும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையெழுத்தை வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பேனையும் தாளும் எடுத்தேன். போட்டியை நடத்தியவர்களுக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. பள்ளிகளுக்கு அனுப்பிய முடிவுப் பட்டியலில் சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரும், அடியில் எங்கள் ஆறு பேருடைய கையெழுத்தும் இருந்தன. புத்தூர்ப் பக்கம். திருத்தினவர் பிள்ளையைத் தேடிப் போகக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. 273 ஐக் கூட்டக்கூடாது என்றும்தான் விதி இருக்கிறது. ஒருநாள் பள்ளி விடுகிற நேரம் ஸ்கூட்டியில் போய்ப் பள்ளி அதிபரிடம் சுட்டெண்ணைச் சொல்லி, அவருடைய அறை வாசலில் வைத்தே அந்தப் பிள்ளையைக் கண்டேன். ஒல்லியான பெட்டை. இரண்டு பின்னல், கையில் மை. நான் யாரென்று சொன்னதும் பயந்துவிட்டாள்.

“பயப்பிடாதை பிள்ளை. நீ எழுதினதுதான் சரி எண்டு சொல்லத்தான் வந்தனான்.”

“தெரியும் ரீச்சர்,” என்றாள். பிறகு பையைத் திறந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினாள். புதுக் கொப்பி. பக்கம் பக்கமாக மெகாகெல்வின், மைக்குரோகெல்வின், மில்லிக்கெல்வின். எல்லாக் கணக்கிலும் முதல் வரியில் 273.

“அம்மா என்னை அந்த ரியூசனிலை சேர்த்துவிட்டவா. இப்ப நானும் கூட்டுறன்.”

“பிழையெண்டு தெரிஞ்சும் கூட்டுறியோ?”

“அங்கை எல்லாருக்கும் சரி போடினம், ரீச்சர்.”

எனக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். “இஞ்சை பார். ஆர் என்ன சொன்னாலும் நீ சரியானதை எழுது. பயப்பிடாமல் எழுது.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“அண்டைக்கே உங்களுக்குத் தெரியுமோ ரீச்சர், நான் எழுதினது சரியெண்டு?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் அந்த முடிவுப் பட்டியலிலை கையெழுத்து வைக்கேல்லையோ?”

“வைச்சனான்,” என்றேன்.

அவள் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

“நான் போட்டு வாறன் ரீச்சர். ரியூசனுக்கு நேரம் போட்டுது.”