தண்டவாள மணி

பக்கத்தில் வாகனம் திருத்தும் கராச்சில் யாரோ இரும்பில் அடித்தார்கள். கையில் தேத்தண்ணியோடு இருந்த நான் சின்னப் பிள்ளையாகி, வவுனியாவில் எங்கள் லூத்தரன் கோயிலுக்குள் இருந்தேன்.

மண்சுவர், தென்னோலைக் கிடுகுக் கூரை, பன்புல்லுப் பாயின் ஈர வாசம். நாலைந்து குடும்பம்தான் சபை. மணி வாங்க வழியில்லை. ரயில்வேயில் வேலை செய்த அப்பா ஒரு தண்டவாளத் துண்டைப் பாலைமரத்தில் தொங்கவிட்டார். முதல் ஞாயிறு காலை அதை அவர் அடிக்க, பக்கத்து ஊரான நெளுக்குளத்து வயல்காரர் தடி பொல்லுகளோடு ஓடி வந்தார்கள். அவர்கள் ஊரில் இரும்பு அடித்தால் வயலில் யானை என்று அர்த்தம். அப்பாவுக்கு அது தெரியாது.

"எங்கை யானை?" முன்னுக்கு நின்ற கந்தையர் மூச்சு வாங்கினார்.

"யானை இல்லை அண்ணை. ஆராதனைக்கு மணி அடிச்சனான்." அப்பாவுக்கு முகம் சிறுத்துப்போனது.

கந்தையர் ஏசப்போகிறார் என்று பயந்தேன். அவர் சால்வையால் வேர்வையைத் துடைத்தார்.

"வந்ததுதான் வந்தம், இருந்து கேட்டிட்டுப் போவம்."

பொல்லுகளைச் சுவரில் சாத்திவிட்டு, திருநீற்று நெற்றிகளோடு எல்லாரும் பாயில் இருந்தார்கள். எங்கள் கோயில் நிறைந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். பாட்டு எழும்பியபோது வெயிலும் கிடுகு இடுக்கால் மெல்ல உள்ளே வந்தது.

கராச்சில் சத்தம் நின்றுவிட்டது. நான் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது ஓடி வருவார்களா என்று.