ஒட்வாரின் நூறாவது ஏற்றம்

பனியானாலும் சரி, மனிதரானாலும் சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் ரான்வெய் நம்பமாட்டாள். வாரத்தில் ஐந்து நாள் கடற்கரையோரம் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். மீதி இரண்டு நாள் மண்வெட்டியும் கையுமாக மலையில் குழி தோண்டி, பனி எப்படி அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து பனிச்சரிவு எச்சரிக்கை நிலையத்துக்கு எழுதி அனுப்புவாள். ஊரில் அவளுக்கு 'வயலெலி' என்று பட்டப்பெயர். அதில் அவளுக்கு ஏகப் பெருமை!

அந்த ஈஸ்டர் சனிக்கிழமை ஒட்வாருக்கு ஸ்கோர்தின் மலையில் நூறாவது ஏற்றம். எழுபத்தோரு வயது, மீன்பிடிப் படகை விற்றுவிட்டு மலையைப் பிடித்துக்கொண்டவர். உச்சியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் ஒவ்வொரு முறையும் பெயரோடு எண்ணையும் எழுதி, தொண்ணூற்றொன்பதுக்கு வந்திருந்தார். பனிச்சறுக்குக் கட்டைகளோடு, ரான்வெய் உட்பட இருபது பேர் கூடவே கிளம்பினார்கள். பாதாம் கேக்கை அவர் மனைவி மார்கித் முதுகில் சுமந்தாள்.

கடைசிச் சரிவுக்குக் கீழே ரான்வெய் எல்லாரையும் நிறுத்தினாள். ஓரத்துச் சின்ன மேட்டில் குழி தோண்டி, பனியை ஒரு தூணாகச் செதுக்கி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்து விரல்நுனியால் தட்டினாள். நான்காவது தட்டிலேயே மேல்பாளம் மேசை இழுப்பறைபோல வெளியே வழுக்கி வந்தது. அடியில் சர்க்கரை மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டாத பொடி. ஆள் பாரம் ஏறினால் சரிவு மொத்தமும் இப்படியே வழுக்கிவிடும்.

"அண்ணே, இன்னைக்கு இவ்வளவுதான். திரும்பலாம்."

"விளையாடாதம்மா! இன்னும் இருநூறு மீட்டர்தான். நேத்து ரெண்டு பேரு சறுக்கிட்டு வந்த தடம் தெரியுது பாரு."

"அவங்க அதிர்ஷ்டம் அவங்களோட போச்சு. நம்ம பாரத்தைத் தாங்குமான்னு தடம் வந்து சொல்லுமா?"

"ஊரே வந்திருக்கு. என் மானத்தை வாங்காத."

"மானம் போனா அடுத்த மாசம் வந்து எடுத்துக்கலாம். நீங்க போனா, மார்கித் அக்கா என்னைத்தான் தோண்டச் சொல்வாங்க."

மார்கித் பையை இறக்கினாள். "நான் இங்கேயே கேக்க வெட்டப்போறேன். வேணுங்கிறவங்க உக்காருங்க."

ஒட்வார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே இரண்டு துண்டு தின்றார். எல்லாரும் வந்த தடத்திலேயே இறங்கினார்கள்.

ஈஸ்டர் முடிந்தது. அந்தச் சரிவோ அசையவே இல்லை! கடைக்குப் போனால் கேலி, பேருந்தில் ஏறினால் கேலி. "என்ன ரான்வெய், உன் பனிச்சரிவு பஸ்ஸ விட்டுடுச்சா?" அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. பாவம், அந்த மனிதரின் நாளை வீணாக்கிவிட்டோமோ? நடக்காத ஒன்றை எதைக் காட்டி நிரூபிப்பது?

மே மாதம், பனி நன்றாக இறுகிய பிறகு, தங்கையோடு உச்சிக்கு ஏறி நோட்டைத் திறந்தாள். ஒட்வார் முந்தின வாரமே வந்துபோயிருந்தார். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் நூற்றொன்று என்று இருந்தது.

"கிழவருக்குக் கணக்கு மறந்துபோச்சுடி," என்று சிரித்தபடியே கீழே இருந்ததைப் படித்தாள்.

'நூறாவது ஏற்றம் ஈஸ்டர் சனிக்கிழமை. குழி வரைக்கும். ரான்வெய் எல்லாரையும் முழுசாக வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தாள். கேக் பிரமாதம்.'

ரான்வெய்க்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்டியிலிருந்த பென்சிலை எடுத்து, அதற்கடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.